மாந்தோப்பில் உடைந்த அணை

1989 மே மாதம், ஒரு வியாழக்கிழமை. காலை 6.10க்கு மதுரையில் கிளம்பிய பேருந்தில் ராஜபாளையத்துக்கு எட்டு ரூபாய் டிக்கெட். எண்பத்தைந்து கிலோமீட்டர். வாரப் பத்திரிகையொன்றின் புகைப்படக்காரன் நான். ஆசிரியர் சொன்னது இவ்வளவுதான்: "சினிமாவுக்காக ஒரு ஊரையே முக்கப் போறாங்களாம். போய் எடுத்துட்டு வா."

8.50க்கு இறங்கி, அய்யனார் கோவில் சாலையில் மேற்கே நாலு கிலோமீட்டர் ஆட்டோவில் போனேன். காய் தொங்கும் மாந்தோப்பின் நடுவே, வெட்டவெளியில் ஓர் ஊர் கிடந்தது. கோபுரம், கடைத்தெரு, மின்கம்பங்கள், பள்ளிக்கூடம், எல்லாம் என் இடுப்புக்குக் கீழே! பின்னால் நிஜமான மேற்கு மலை. குனிந்து பார்த்தேன். மலையடிவாரத்தில் நகரமே நின்றது.

விண்ணிலிருந்து வரும் இயந்திரக் கோள் மலையில் மோதி, அணை உடைந்து ஊர் அழிவதுதான் கதை. அணை என்பது உயரமான மேடையில் வைத்த இரும்புத் தொட்டி. அதன் கதவைக் கயிறு கட்டி இழுத்தால் வெள்ளம். தந்திரக்காட்சிகளுக்குப் பொறுப்பான தேவசகாயம் மாஸ்டர் மெட்ராஸிலிருந்து வந்தவர். அவரே விளக்கினார்.

"பதினாறு அடி வீட்டை ஒரு அடியா சுருக்கிட்டோம் சார். தண்ணியைச் சுருக்க முடியாதே! அதனால கேமராவை நாலு மடங்கு வேகத்துல ஓட்டுவோம். எட்டு செகண்ட் வெள்ளம் திரையில அரை நிமிஷம் பாயும்."

அந்த வேகத்தில் நானூறு அடி ஃபிலிம் ஒரு நிமிடம் சொச்சத்தில் தீர்ந்துவிடுமாம். கட்டுவதற்கு இருபது நாள் ஆன ஊர். முக்குவது ஒரே தடவைதான்.

பதினொரு மணிக்குச் சிக்கல் வந்தது. தண்ணீர்த் துளி பெரிதாகத் தெறித்தால் பொம்மை ஊர் என்று தெரிந்துவிடும். பொடிப்பொடியாக நுரைக்கத் தொட்டியில் சோப்புத் தூள் கலக்க வேண்டும். தோப்புக்காரர் சுப்பராஜா இடமும் கிணற்றுத் தண்ணீரும் கொடுத்ததே, வெள்ளம் முடிவில் தம் மரங்களுக்குப் பாயும் என்பதால்தான். சோப்பு மூட்டைகளைப் பார்த்ததும் பதற்றத்தில் அவர் வீட்டுத் தெலுங்கே வந்துவிட்டது.

"வத்து, வத்து! சோப்பு வேண்டாம் மாஸ்டர். காய் நிக்கிற மரம். வேருல இது இறங்குச்சுன்னா நான் எங்க போவேன்?"

"சோப்பு இல்லாட்டி படமே இல்லைங்க."

"அப்ப கிளம்புங்க."

மாஸ்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். சத்தம் கேட்டு, நடிகர்களின் துணிகளைத் துவைக்கும் பாக்கியம் வந்தார். மகாராஜபுரத்துப் பெண்மணி, நாற்பது வயதிருக்கும்.

"பூந்திக்கொட்ட போட்டா என்னய்யா? பட்டுச்சேல அதுலதான அலசுதேன். அம்புட்டு நுரை வரும். அந்தத் தண்ணிய வாழைக்குத்தான் ஊத்துவோம். ஒண்ணும் ஆவல."

சுப்பராஜா யோசித்தார். "பூந்திக்கொட்டைன்னா சரி."

மாஸ்டர் துள்ளி எழுந்தார். பாக்கியமும் நானும் கம்பெனி வேனில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பறந்தோம். இரண்டு நாட்டு மருந்துக் கடைகளில் இருந்ததையெல்லாம் வாரினோம், இருபத்திரண்டு கிலோ. "இம்புட்டும் எந்த வீட்டுக் கல்யாணச் சேலைக்கு?" என்று கேட்டார் கடைக்காரர். "ஊரையே அலசப் போறோம்," என்றார் பாக்கியம்.

இரண்டரை மணிக்கு ஊருக்கு வெந்நீர் வைப்பதுபோல் அண்டாக்களில் பூந்திக்கொட்டை கொதித்தது. பாக்கியம் துடுப்பால் கிண்டக் கிண்ட நுரை பொங்கியது. வடிகட்டித் தொட்டியில் ஊற்றினார்கள். இனி வெயிலோடுதான் போட்டி. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டால் மலை கறுத்துப்போகும்.

4.50. மூன்று கேமராக்களும் கிறீச்சென்று ஓடத் தொடங்கின. ஆறு பேர் கயிற்றை இழுத்தார்கள். கதவு அசையவில்லை! ஃபிலிம் ஓடிக்கொண்டே இருக்கிறது. பத்து விநாடி. இருபது. மாஸ்டர் மேடைமேல் தாவி ஏறினார்.

"கம்பி! யாராவது கம்பியைக் குடுங்க!"

கடப்பாரை என் காலடியில் கிடந்தது. என் கேமராவைப் பாக்கியத்தின் கையில் திணித்துவிட்டு, கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். இருவரும் சேர்ந்து நெம்பினோம். டணார்! தண்ணீர் எங்களை உருட்டித் தள்ளிவிட்டுப் பாய்ந்தது. பள்ளிக்கூடம் சரிந்தது, கடைத்தெரு மிதந்தது, வெண்ணுரை கோபுரத்தை விழுங்கியது. "கட்!" என்றதும் தோப்பே கத்தியது. மாஸ்டர் சேற்றில் உட்கார்ந்தபடியே பாக்கியத்தைக் கும்பிட்டார். "செத்த நேரம் இருங்க, துண்டு கொண்டாறேன்," என்று பாக்கியம் ஓடினார். சுப்பராஜா மண்வெட்டியோடு வாய்க்கால் திருப்பப் போய்விட்டார்.

எந்தக் காட்சிக்காக என்னை அனுப்பினார்களோ, அதை நான் ஒரு படம்கூட எடுக்கவில்லை. அதற்காக ஒரு துளியும் வருந்தவில்லை.

6.30க்கு ஈர உடையோடு மதுரைப் பேருந்தில் ஏறினேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்க தம்பி மழ?"

சந்தோஷத்தில் வாய் தவறிவிட்டது. "ராஜபாளையத்துல அணை உடைஞ்சிருச்சுங்க."

"அய்யய்யோ! எம் மக அங்கனதான வாக்கப்பட்டிருக்கா! ஏலே, வண்டிய நிறுத்து!"

கையைப் பிடித்து உட்கார வைத்து, முழுக் கதையும் சொன்னேன். கிருஷ்ணன்கோவில் வரும்வரை வாய் திறந்தபடி கேட்டார்.

"எந்த ஊரப் பாத்துக் கட்டுனாக?"

"எந்த ஊரும் இல்லைங்க. கற்பனை ஊர்."

ஜன்னல் பக்கம் திரும்பினார். பிறகு மெல்லச் சொன்னார்: "எங்க ஊரு மடவார் வளாகத்தக் கட்டியிருக்கலாம்லா?"