பத்து கிலோமீட்டர் ஆழம்

எரிமலைக்கு அடியில் அதிர்வு எங்கே பிறக்கிறது என்று கணக்குப் போட்டே பணிக்காலத்தை ஓட்டியவன் நான். ஓய்வு பெற்று மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிக் குடியேறிய பிறகும், ஆய்வுக் குழுவிலிருந்து என் பெயரை நீக்க அலுவலகம் மறந்துவிட்டது. நீக்குவதற்கு ஒரு படிவம் உண்டு. அதை நிரப்பத் தெரிந்த கடைசி ஆளும் நான்தான்.

சென்ற மாசியில் அந்த அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி காரில் வந்தார். ஒரு காலத்தில் எனக்குக் கீழே வேலை பார்த்தவர். அந்தமான் பக்கம் ஆளில்லாத தீவு ஒன்றில் எரிமலை சில நாட்களாக விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. அங்கே பழுதான ஓர் அதிர்வுக் கருவியை மாற்ற நான்கு பேர் படகில் போய் இறங்க வேண்டும். அதிர்வு ஆழத்திலிருந்து வருகிறது, உடனே வெடிக்காது, இறங்கலாம் என்று குழு உறுப்பினராக நான் கையெழுத்திட்டால் மறுநாள் படகு கிளம்பும்.

தாளில் ஆழம் பத்து கிலோமீட்டர் என்றிருந்தது.

"யாரு அளந்தது இது?"

"கம்ப்யூட்டர் குடுத்தது சார்."

கொடுத்தது உண்மைதான். அலை எந்தக் கருவிக்கு எப்போது வந்து சேர்ந்தது என்று பார்த்து இடம் சொல்லும் நிரல் அது. எரிமலையின் தொடர் அதிர்வுக்கோ தெளிவான தொடக்கம் கிடையாது. ஆழம் பிடிபடாதபோது நிரல் கூச்சமில்லாமல் பத்து என்று போட்டுவிடும். அந்தப் பத்தை அளவென்று நம்புவது எங்கள் துறையின் பரம்பரை வியாதி. புதிதில் எனக்கும் இருந்தது.

"ஆரம்பமே தெரியல. வேற எப்படி சார் கண்டுபிடிக்கிறது?"

செருப்பைக் கழற்றச் சொல்லி அவரை உப்பளத்து வரப்பில் நிறுத்தினேன். கொட்டகைக்குள் டீசல் என்ஜின் காலையிலிருந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள்.

"இன்னா சார், ஆபீசருக்கு வேண்டுதலா?"

"என்ஜின் எங்க இருக்குதுன்னு காலால கண்டுபிடிக்கப் போறாரு."

"அதுக்கா கார் போட்டுக்கினு வந்தாரு? என்னக் கேட்டா கையக் காட்டியிருப்பேன்."

அதிகாரி முகம் சிவக்க நடந்தார். கொட்டகை அருகே வரப்பு உள்ளங்காலைக் கூசவைத்தது. சில அடி தள்ளியதும் ஒன்றுமில்லை.

"ஏம்பா, எப்ப ஸ்டார்ட் பண்ணாங்கன்னு தெரியாம எங்கன்னு கண்டுபிடிச்சிட்டல்ல?"

அதிர்வு ஆழத்திலிருந்து வந்தால் தீவின் எல்லாக் கருவிகளும் ஏறக்குறைய ஒரே அளவு ஆடும். மேலே இருந்தால் பக்கத்துக் கருவி துள்ளும், தூரத்துக் கருவி தூங்கும். அவர் கொண்டுவந்த அதிர்வுப் பதிவுகளில் எரிமலை வாயருகே இருந்த கருவி துள்ளியது. கரையோரக் கருவி தூங்கியது.

"கையெழுத்து மட்டும் போடுங்க சார். போட் சொல்லியாச்சு."

"அந்த போட்ல நீ போறியா?"

அவர் பேனாவை என் பக்கம் நீட்டினார்.

கையெழுத்துக் கட்டத்தில், "பத்து என்பது அளவு அல்ல. அதிர்வின் ஊற்று மேலே இருக்கிறது. யாரும் இறங்கக் கூடாது" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். இதற்குப் படிவத்தில் இடமில்லை என்றார். உறுப்பினர் எழுதிய மறுப்பைத் தலைமை அதிகாரி படித்து முடிக்கும்வரை படகு கிளம்பக் கூடாது என்ற விதியை அதன் பத்தி எண்ணோடு சொன்னேன். அந்த விதியை எழுதியபோது அந்த அறையில் நானும் இருந்தேன்.

படகு போகவில்லை. எரிமலையும் ஒன்றும் செய்யவில்லை. வீணாகத் தடுத்ததற்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. நான்கு பேரும் வீட்டில்தானே இருக்கிறார்கள் என்று ஒரே வரியில் பதில் அனுப்பினேன்.