யூரிட்டஸ் என்ற பெயர்

இயோல்கோஸ் ஊரில் ஒலிவ எண்ணெய் ஆட்டிப் பிழைத்த யூரிட்டஸுக்குத் தன் பெயரைக் கேட்டாலே பயம். கதைகளில் அந்தப் பெயர்க்காரன் எவனும் நல்ல சாவு சாகவில்லை. வில்லில் சவால் விட்ட யூரிட்டஸை அப்போலோ தெய்வம் கொன்றது. கல்யாணத்தில் குடித்துவிட்டு மணப்பெண்ணைத் தூக்கப் பார்த்த யூரிட்டஸை மதுச்சாடியால் அடித்தே சாய்த்தார்கள். திருவிழாவுக்குக் கிளம்பிய இன்னொரு யூரிட்டஸ் பாதிவழியில் வெட்டுப்பட்டான்.

ஆகவே இவன் வில்லைத் தொட்டதில்லை, மதுவை வாயில் வைத்ததில்லை, திருவிழாப் பக்கம் தலைகாட்டியதில்லை. சொந்த மகன் லைக்கோனின் கல்யாணத்தன்றுகூடக் காய்ச்சல் என்று இழுத்துப் போர்த்திப் படுத்துக்கொண்டான்.

இன்று லைக்கோனின் பிள்ளைக்குப் பத்தாம் நாள், பெயர் வைக்கும் நாள். தலைப்பிள்ளைக்குத் தாத்தா பெயர்தான் வழக்கம். லைக்கோன் குழந்தையைத் தூக்கி வாயைத் திறக்குமுன் கிழவன் ஓடிவந்து மறித்தான்.

"வேணாம்டா! அந்தப் பேரு ஆளை முழுங்கிடும்!"

"உன்னை முழுங்கலையேப்பா? குத்துக்கல்லாட்டம் நிக்கிறியே!"

"நான் பார்த்துப் பார்த்து வாழ்ந்தேன்டா!"

அடுப்படியிலிருந்து கிழவனின் மனைவி மிர்தோ சீறினாள்.

"நீ எங்கய்யா வாழ்ந்தே? உன்னைத்தான் அது மொதல்லயே முழுங்கிடுச்சே!"