பிடில் இலைச் செடிக்குத் தண்ணீர் வேண்டாம்

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பத்து நாளாகிறது.

துக்கம் கேட்க வருகிறவர்கள் வாசலில் கால் கழுவி, செம்பில் மிச்சமிருக்கும் தண்ணீரை, அவர் மெட்ராஸிலிருந்து கொண்டுவந்த பிடில் இலைச் செடியின் தொட்டியில் ஊற்றிவிட்டு உள்ளே வருகிறார்கள். தொட்டி சேறாகிவிட்டது. இலைகள் கறுத்து உதிர்கின்றன.

இன்று வளவனூரிலிருந்து நாத்தனார் வந்தாள்.

"என்னா அண்ணி, எங்க அண்ணன் வச்ச செடிய இப்டி வாடவுட்டுக்கினு இருக்கீங்க?" என்று ஒரு செம்பு நிறைய ஊற்றினாள்.

"அது காயலடி. தண்ணி தாங்காம வேரு அழுகுது."

"ஊத்துனப்புறம் சொல்றீங்களே!" என்று தொட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளைத் தேற்ற எனக்குத் தெம்பில்லை.

இனி திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் கால் கழுவாமலே உள்ளே வாருங்கள், வீட்டை நான் துடைத்துக்கொள்கிறேன்.

ஆறுதல் போதும். மூன்று இலைதான் மிச்சம். இதைப் பிழைக்கவைக்கத் தெரிந்தவர்கள் ஒரு கார்டு போடுங்கள்.