அடோலே கண்ட சண்டைக் கனவு

பெரிய குத்துச்சண்டையில் யார் ஜெயிப்பார் என்று, மீனைப் புகையில் வாட்டி விற்கும் ஒருத்தியின் கனவைக் கேட்டுத் தீர்மானிப்பீர்களா? சிரிக்கிறீர்கள். கானாவின் அக்ராவில், எங்கள் புக்கோம் பேட்டையில், படித்தவர்கள் உட்பட எல்லோரும் கேட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை எங்கள் கடலுக்கு ஓய்வு. படகு இறங்காது. வலைகள் மணலில் உலரும். ஆண்களுக்கு வாய்க்கு மட்டும்தான் வேலை. சண்டைக்கு முந்தைய செவ்வாயில் அவர்கள் அடோலேயின் அடுப்படியில் கூடுவார்கள். அவள் கண்ட கனவுகள் பலமுறை பலித்திருந்தன. கடலே அவளுக்குச் சொல்கிறது என்றார்கள். அடுப்புக்கு எதிரேயுள்ள பயிற்சிக் கொட்டகையைப் புகையினூடே வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பவள் அவள். பகலில் கண் சேர்த்ததைத் தூக்கம் அடுக்கித் தருகிறது என்பது என் கட்சி. அவளிடமே சொன்னேன். பேர் கடலுக்கே போகட்டும் என்று மத்தியைத் திருப்பிப் போட்டாள்.

இந்த முறை மோதப்போவது அவள் அக்கா மகன் ஒக்காய். தாயில்லாதவனை மீன் விற்று வளர்த்தவள் அவள்தான். சனிக்கிழமை அவன் லாகோஸ்காரனை வீழ்த்தினால் ஆப்பிரிக்கப் பட்டம் எங்கள் சந்துக்கு வரும்.

அன்று புகை தாழ்வாக மிதந்தது. வெயிலும் கடலும் ஒரே நிறமாக இருந்தன. படகோட்டி லார்யே மூன்றாவது சுற்றிலேயே முடிந்துவிடும் என்றார். லாகோஸ்காரன் தாடை பழுத்த பப்பாளி என்றான் இன்னொருவன். பட்டத்தோடு ஒக்காய் படகில் ஊர்வலம் வருவதை ஒவ்வொருவரும் தன் கண்ணால் கண்டதுபோல் விவரித்தார். ஒக்காய் நடுவில் உட்கார்ந்து கூச்சத்தோடு சிரித்தான்.

பிறகு அடோலே தன் கனவைச் சொன்னாள். மேடை கடல்மேல் மிதந்தது. விளக்குகள் மீன்களாய் நீந்தின. எதிராளியைக் காணோம். ஒக்காயின் இடப்பக்கம் கடல் சத்தமில்லாமல் எழும்பி வந்தது. அவன் சிரித்துக்கொண்டே நின்றான்.

கூட்டம் ஆர்ப்பரித்தது. கடலே அவன் பக்கம் எழுந்து நிற்கிறதாம். எதிராளி ஓடியே போய்விட்டானாம். லார்யே மண்ணில் சாராயம் ஊற்றி முன்னோர்க்கு நன்றி சொன்னார்.

அடோலே ஒரு மத்தியை எடுத்து, ஒக்காயின் இடது காதருகே பிடித்தாள்.

"என் கையில என்னடா இருக்கு? தலையத் திருப்பாமச் சொல்லு."

அவன் தலை மெல்லத் திரும்பப் பார்த்தது. அவள் தாடையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கனவைத் தூக்கி அடுப்புல போடுங்க. இவனுக்கு இடது கண்ணு தெரியல. பத்து நாளா பயிற்சியில அந்தப் பக்கம் வர்ற அடி ஒண்ணையும் தடுக்கல."

"சண்டை ஏற்பாட்டாளரோட டாக்டர் கையெழுத்துப் போட்டாச்சு சித்தி," என்றான் அவன் மெதுவாக.

"கண்ணுல வெளிச்சம் அடிச்சுப் பாத்தானா?"

"நெஞ்சுல குழாய் வெச்சான். போடான்னான்."

"வாயக் கழுவு அடோலே," என்றார் லார்யே. "ஊரே காத்துக் கெடக்கு. ஒத்தக் கண்ணோட ஜெயிச்சவன் இல்லையா?"

"உங்க பேரனை ஏத்துங்க மேடையில."

"சண்டை முடியட்டும் சித்தி. அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்புறம் பாக்குறதுக்குக் கண்ணு வேணும்டா."

ஒக்காய் தன் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு கடல் இருந்த பக்கம் பார்த்தான். கையை இறக்கினான். காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றான்.

விழித்திரை கிழிந்திருந்தது. இன்னும் ஓர் அடி விழுந்திருந்தால் முழுக்கப் போயிருக்கும் என்றார்கள். சண்டை ரத்தானது. ஏற்பாட்டாளர் நஷ்டம் பற்றிப் பேட்டி கொடுத்தார். கண்ணைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. எங்கள் சந்தோ, அடோலேயிடம் மீன் வாங்குவதை நிறுத்தியது. அவள் கலங்கவில்லை. கட்டுப்போட்ட கண்ணோடு அவன் விறகு பிளக்க, புகைக்குள் இருவரும் நிழல்களாய் அசைந்தார்கள்.

உங்கள் ஊரிலும் சண்டை நடக்கும். சீட்டு வாங்கும்போதே, ஏற்பாட்டாளரிடம் சம்பளம் வாங்காத ஒரு மருத்துவர் மேடையேறும் பையன்களைச் சோதித்தாரா என்று உரக்கக் கேளுங்கள். பதில் வராவிட்டால், வாங்காமல் திரும்புங்கள். வரிசையில் நிற்பவர்களையும் அழைத்துக்கொண்டு திரும்புங்கள்.