கர்னலுக்காக இரண்டு முறை பூக் கேட்டோம்

ஒரு நாயை எப்போது போக விடலாம் என்பதற்கு எந்த விதியும் கிடையாது. ராணுவத் தளவாடத் தொழிற்சாலையின் நிர்வாகப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். விடுப்பு விதி, ஓய்வூதிய விதி, குடியிருப்பு ஒதுக்கீட்டு விதி எல்லாம் எனக்கு அத்துப்படி. இதற்கு மட்டும் விதி இல்லை என்று தெரிந்தபோது முதலில் எரிச்சல்தான் வந்தது. அழுகை பிறகுதான் வந்தது.

போன ஆடி மாதம், மழை விடாமல் பிடித்துக்கொண்ட நாட்களில், எங்கள் கர்னல் சாப்பாட்டை நிறுத்தினான். ஜெகதளாவில் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு, போகிற வருகிறவர்களை அணிவகுப்பைப் பார்வையிடுவது போலப் பார்ப்பான். அதனால் அந்தப் பெயர். என்ன ஜாதி நாய் என்று யாருக்கும் தெரியாது. குன்னூருக்குத் தூக்கிப் போனோம். சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டது என்றார் டாக்டர். சின்னப் பெண். குணமாகாது, ஊசியும் சலைனும் கொடுத்துக் கொஞ்ச நாள் தள்ளலாம் என்றார்.

"எதுவரைக்கும் தள்றது? எதை வெச்சு முடிவு பண்றது?" என்று கேட்டேன்.

"அதை நீங்கதான் மேடம் சொல்லணும். கூட இருக்கறது நீங்கதானே."

"படிச்சது நீங்க, சொல்ல வேண்டியது நானா?"

"படிப்புல இது வரலைங்க மேடம்" என்றார். பொய் சொல்லவில்லை, அதுவரை சந்தோஷம்.

படிக்காதவர்கள் எல்லோரும் சொன்னார்கள். பக்கத்து வீட்டு அம்மா நெருஞ்சிமுள் கஷாயம் கொண்டுவந்தார். பெங்களூரில் இருக்கும் மகன், நாய்க்கு டயாலிசிஸ் செய்யும் இடத்தின் படத்தைப் போனில் அனுப்பினான். மலை இறங்கும் வளைவுகளில் ஒவ்வொரு முறையும் வாந்தி எடுக்கிற நாயை அவ்வளவு தூரம் எப்படிக் கொண்டுபோவது என்று மட்டும் சொல்லவில்லை.

வீட்டுக்குள் இதைவிட மோசம். வலியில்லாமல் ஊசி போட்டு அனுப்பிவிடலாமா என்று ஒருநாள் கேட்டேன். என் வீட்டுக்காரர் எகிறினார்.

"அது கொலைதான் புள்ள. முன்னால கருணைன்னு ஒட்டிட்டா ஆச்சா?"

"அப்ப தெனமும் காலைல நான் ஊசி குத்தறனே, அது என்னங்க, கொஞ்சறதா?"

"அது வைத்தியம்."

"வைத்தியம் பாக்கறது நானுங்க. நீங்க சாயந்திரம் வந்து காதைத் தடவறீங்க."

அதோடு இருவரும் அந்தப் பேச்சையே விட்டுவிட்டோம். சோறு, பால், மழை பற்றி மட்டும் பேசினோம். கர்னல் நடுவில் படுத்துக்கொண்டு எங்களை மாறி மாறிப் பார்த்தான்.

முடிவெடுக்க முடியாவிட்டால் மேலிடத்துக்கு அனுப்புவதுதான் எனக்குப் பழக்கம். வெள்ளிக்கிழமை காலை மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வெள்ளைப்பூவையும் சிவப்புப்பூவையும் தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் காலடியில் வைத்து, கேள்வியை மனதுக்குள் நினைத்துக்கொள்ள வேண்டும். பூசாரி ஒன்றை எடுத்துக் கொடுப்பார். வெள்ளை வந்தால் சம்மதம். "அவனை அனுப்பிவிடலாமா தாயே?" என்று நினைத்தேன். வெள்ளை வந்தது.

வீட்டுக்கு வந்து, "அம்மன் உத்தரவு குடுத்துட்டாங்க. டாக்டரைக் கூப்பிடப் போறேன்" என்றேன்.

"எனக்கும்தான் குடுத்துட்டா" என்றார் அவர். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பால் வாங்கப் போகிறேன் என்று போனவர், பூக் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். "வைத்தியத்தை உடாம பாக்கலாமான்னு கேட்டேன். வெள்ளைதான் வந்துச்சு."

"பின்னால வந்த உத்தரவுதானுங்க செல்லும்."

"இதென்ன உன்ற ஆபீசா?"

குடையைப் பிடித்துக்கொண்டு இருவரும் மறுபடி கோயிலுக்கே போனோம். நடந்ததைச் சொல்லி, இன்னொரு தடவை பூ வைக்கச் சொன்னோம். பூசாரி தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏனுங்கம்மிணி, ஒரே ஊட்டுல இருந்து ஒரே காரியத்துக்கு ஆளுக்கொரு கேள்வியா? ரெண்டு பேருக்கும் ஆத்தா சரின்னுட்டா. அவ வேறென்னதான் பண்ணுவா? மறுக்கா மறுக்காக் கேக்கக் கூடாதுங்க. மொதல்ல ரெண்டு பேரும் பேசுங்க."

எனக்கு அம்மன் மேலேயே கோபம். சன்னதியில் நின்று சொன்னேன். "காப்பாற்று என்று கேட்கவில்லை. கொண்டுபோ என்றும் கேட்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மனசைக் கொடு. வேறு எதுவும் வேண்டாம்."

திரும்பும் வழியில் அவராகச் சொன்னார். "நாளைக்குக் காலைல சலைனை நான் ஏத்தறேன். சாயந்திரம் நீ அவங்கூட உக்காரு."

மறுநாள் காலை கர்னலின் தோலைத் தூக்கிப் பிடித்து ஊசியை இறக்கினார். அவன் முனகி, திரும்பி அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு வாந்தி எடுத்தான். அவர் குழாயடியில் வெகுநேரம் கை கழுவிக்கொண்டே இருந்தார். சாயங்காலம் நான் உட்கார்ந்தேன். மழை விட்டிருந்தது. வேலியில் வந்து உட்கார்ந்த மைனாவைப் பார்த்துக் காதைத் தூக்கினான். என் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் பெருமூச்சு விட்டான். ஒரு நாளில் பாதி நேரம் அவன் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறான் என்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது.

சாப்பிடும்போது அவர் சொன்னார். "போதும் புள்ள. அனுப்பிடலாம்."

"இன்னுங் கொஞ்ச நாள் பாக்கலாமுங்க" என்றேன் நான்.

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர்தான் முதலில் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு பேசினோம், பூசாரி சொன்ன மாதிரி. குத்துவதை நிறுத்துவது, குமட்டலுக்கு மாத்திரை மட்டும் கொடுப்பது, காலையும் மாலையும் இருவரும் சேர்ந்தே அவனோடு இருப்பது. டாக்டரும் சரி என்றார்.

கொஞ்ச நாள் அப்படிப் போயிற்று. நல்ல நாட்கள். ஒருநாள் நல்ல வெயில். வாசலில் சாக்கை விரித்துப் படுக்க வைத்திருந்தோம். கடைக்குப் போய்விட்டு வந்த அவர், கேட்டில் நின்று, "கர்னல்!" என்றார். அந்தக் குரலுக்கு அவன் தலையைத் தூக்காத நாளே இல்லை. அன்று கண் மட்டும் அசைந்தது. நான் ஜன்னல் விளிம்பில் இருந்த போனை எடுக்கக் கை நீட்டினேன். அதற்குள் உள்ளே வந்து அவரும் கை நீட்டியிருந்தார். இரண்டு கையும் போனின் மேல் இடித்துக்கொண்டன. யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

நான் கேட்டது இதைத்தான். அம்மன் கொடுத்ததும் இதுதான்.

டாக்டர் வீட்டுக்கே வந்தார். கர்னலின் தலை என் வீட்டுக்காரர் மடியில், முன்னங்கால் என் கையில். "பயந்துக்காதடா, ரெண்டு பேரும் இங்கதான் இருக்கறோம்" என்றார். வெயிலிலேயே தூங்கிப்போனான். பேரிக்காய் மரத்தடியில் புதைத்தோம். இத்தனை வருடத்தில் முதல்முறையாக ஒருவர் முன்னால் ஒருவர் அழுதோம்.

நாய் செத்துப்போனதே, இதில் அருள் எங்கே இருக்கிறது என்று நம் பக்தர் குழுவில் ஒரு அம்மா, நான் வாயால் சொன்னபோது, என்னிடமே கேட்டார். இப்போது எழுதியதை அவர் முதலிலிருந்து படிக்கலாம். அவன் போன பிறகு, நீதான் அவசரப்பட்டாய், நீதான் இழுத்தடித்தாய் என்ற ஒரு சொல் எங்கள் வீட்டில் இதுவரை எழவில்லை. எங்களைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய அதிசயம் என்று தெரியும்.

உங்கள் வீட்டிலும் நோயில் படுத்த ஒரு ஜீவனை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் நின்றுகொண்டிருந்தால், தயங்காமல் அவளிடம் போங்கள். சேர்ந்து போங்கள். எங்களைப் போன்றவர்களுக்கே மனம் இரங்கியவள், உங்களைக் கைவிட மாட்டாள்.

நாங்கள் இப்போது வெள்ளிக்கிழமைகளில் ஒன்றாகத்தான் கோயிலுக்குப் போகிறோம். என்ன வேண்டிக்கொள்ளப் போகிறீர்கள் என்று படியேறும் முன்பே கேட்டுவிடுகிறேன். அவரும் சொல்லிவிடுகிறார்.