மாலதியின் நிதானம்

மாலதி மீது இசக்கிசெல்விக்கு இருந்த எரிச்சலுக்கு, மாலதி செய்த தவறு என்று எதையும் காட்ட முடியாது. இருவரும் செம்பூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையில் பிரசவ வார்டு டாக்டர்கள். ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். இசக்கிசெல்வி தாராவியில் ஒரு குறுகிய சந்தில் தையல் பட்டறை நடத்துபவரின் மகள். அந்தச் சந்திலிருந்து டாக்டரான முதல் பெண். மாலதியின் வீட்டார் மாட்டுங்காவில் தலைமுறைகளாக ஆபீஸ் உத்தியோகம் பார்ப்பவர்கள். வேலையில் இசக்கிசெல்வியின் கைதான் வேகம். ஆனாலும் பிரசவத்துக்கு வருகிறவர்கள், “அந்த சாந்தமான டாக்டரம்மா இருக்காங்களா?” என்றுதான் கேட்டார்கள்.

மாலதி குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. வார்டே அல்லோலகல்லோலப்பட்டாலும் அவள் முகம் கழுவிவிட்டு வந்தவள் போல இருப்பாள். இசக்கிசெல்விக்கோ நெஞ்சில் பயம் ஏறினால் அது வாய் வழியாகக் கோபமாகத்தான் வெளியே வரும்.

மழைக்காலத்தில் ஒரு மதியம் கோவண்டியிலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். வீட்டிலேயே பிரசவமாகி ரத்தம் நிற்கவில்லை. இசக்கிசெல்வி கருப்பையை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்தபடியே, மருந்து எடுத்துக் கொடுக்கத் தாமதித்த நர்ஸ் ஜோயாவைக் கண்டபடி திட்டினாள். ஜோயா பதறியதில் ஊசிமருந்துக் குப்பி கீழே விழுந்து உடைந்தது. பக்கத்தில் நின்ற மாலதி இன்னொன்றை எடுத்து நிதானமாக ஏற்றினாள். ரத்தம் நின்றது; பெண் பிழைத்தாள். வெளியே மாலதிதான் போய் வீட்டாரிடம் விவரம் சொன்னாள். அவர்கள் அவள் காலில் விழாத குறை. கை கடுத்துப்போய் உள்ளே நின்ற இசக்கிசெல்வி அதைக் கதவிடுக்கில் பார்த்தாள்.

அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டில் உப்பில்லை என்று கணவன் வெங்கடேஷிடம் சண்டை பிடித்தாள். சமைத்தது அவன். உப்பு டப்பாவை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, “யார் மேல கோவம்?” என்று அவன் கேட்டான். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அடுத்த வாரம், வேலை அழுத்தத்தைச் சமாளிப்பது பற்றி இளம் பெண் டாக்டர்களுக்குப் பேசும்படி வார்டுத் தலைமை டாக்டர் மாலதியைக் கேட்டுக்கொண்டார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த இசக்கிசெல்விக்கு வயிறு எரிந்தது. மூச்சை மெதுவாக விட வேண்டும், பதில் சொல்லுமுன் ஒரு கணம் நிற்க வேண்டும் என்று மாலதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் எழுந்துவிட்டாள்.

“மாட்டுங்கால பொறந்திருந்தா எனக்கும் இந்த நிதானம் வந்திருக்கும்” என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. மாலதி மட்டும் தலையசைத்துவிட்டு, மீதியைப் பேசி முடித்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு இசக்கிசெல்வி உடைமாற்றும் அறைக்குப் போனபோது மாலதி அங்கே பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். முகம் சிவந்திருந்தது. உள்ளங்கைகளை முழங்காலில் அழுத்தி, மூச்சை நீளமாக விட்டுக்கொண்டிருந்தாள்.

“இப்போ வெளில போ செல்வி” என்றாள், கண்ணைத் திறக்காமல். “உன்னை ஓங்கி அறையணும்போல இருக்கு. இது அடங்கட்டும்.”

இசக்கிசெல்வி போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். இவளுக்கும் இப்படியெல்லாம் கோபம் வரும் என்று அவள் நினைத்ததே இல்லை.

சற்றுப் பொறுத்து மாலதி பேசினாள். பயமோ கோபமோ வந்தால் முதலில் அதன் பெயரைத் தனக்குள் சொல்லிக்கொள்வாளாம். சொன்னதும் அது மறைந்துவிடாது. ஆனால் பிடி கொஞ்சம் தளரும். அந்த இடைவெளியில்தான் அடுத்த வார்த்தையை யோசிப்பாளாம். இதற்காக ஒரு வருஷம் மனநல ஆலோசகரிடம் போயிருக்கிறாள். வீட்டில் யாருக்கும் தெரியாது.

“அது கோவமா இல்லாம, பொறாமையா இருந்தா?” என்று இசக்கிசெல்வி கேட்டாள்.

“அதுக்கும் இதேதான்.”

“அப்போ சொல்லிருதேன். ஒன்மேல எனக்குப் பொறாம. சேந்த நாள்லேருந்து.”

மாலதி அவளை நிமிர்ந்து பார்த்தாள். ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை. “அந்தக் கோவண்டிப் பொண்ணு பிழைச்சது உன் கையால. நான் அவங்ககிட்ட அதைச் சொல்லியிருக்கணும்” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் இசக்கிசெல்வி ஜோயாவிடம் மன்னிப்புக் கேட்டாள். ஜோயா “பரவாயில்லை மேடம்” என்றாலும் இசக்கிசெல்வி பக்கத்தில் வந்தால் பல நாள் ஒதுங்கியே நின்றாள். அதையும் பொறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பொறாமை போய்விடவில்லை. தீபாவளிக்கு மாலதிக்கு மட்டும் யாரோ மிட்டாய்ப் பெட்டி கொண்டுவந்து கொடுத்தபோது அது மறுபடியும் தலைதூக்கியது. இசக்கிசெல்வி ஜன்னல் பக்கம் திரும்பி, அதன் பெயரை உதட்டுக்குள் சொல்லி, நீளமாக மூச்சு விட்டாள். பிறகு போய், அந்தப் பெட்டியிலிருந்து ஒரு துண்டு கேட்டு வாங்கித் தின்றாள்.