பாறைப்பக்கம் ஒதுங்கிய வள்ளம்

நானும் மச்சானும் நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்தோம். நடுவழியில் வள்ளத்தின் எஞ்சின் வேகம் குறைந்தது. பிறகு தானாகவே கூடியது, மறுபடியும் குறைந்தது. எஞ்சினை நிறுத்தி பில்டரை மாற்றினேன். கொஞ்சத் தூரத்தில் திரும்பவும் அதே தொல்லை. காற்றோ எங்களைப் பாறைப்பக்கம் தள்ளியது.

“டீசல் முடிஞ்சுபோச்சோ?” என்று மச்சான் கேட்டான்.

“காலமைதான் நிரப்பினனான். திறந்து பாரன்!”

அவன் டீசல் தாங்கியின் மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபட்டது. சற்று நேரத்தில் எஞ்சின் முழு வேகம் பிடித்தது. மூடியைத் திறந்து வைத்தபடியே கரை சேர்ந்தோம்.

கரையில் பார்த்தால், தாங்கிக்குக் காற்றுப் போகும் குழாயைக் குளவி மண்ணால் அடைத்திருந்தது. காற்றுப் புகாததால் டீசல் சரியாக இறங்கவில்லை.

இப்போது அந்தக் குழாய்க்குள் கம்பி விட்டுப் பார்க்காமல் நான் புறப்படுவதில்லை.

“கடலுக்குப் போறியளோ, குளவி பிடிக்கப் போறியளோ?” என்று மனைவி சிரிக்கிறாள்.

“ரெண்டுக்கும்தான்” என்கிறேன்.